ஆடித் தள்ளுபடியும் கர்க்கடகப் பஞ்சமும்: ஒரு மாதம் எதுவும் வாங்காமல் இருந்து பார்க்கலாமா?

ஜூலை நடுப்பகுதி. நீங்கள் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ, குமுளியிலோ மறையூரிலோ வளர்ந்தவர் என்றால் இந்தக் காட்சி பழக்கமானதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கம்பத்திலும் ஜவுளிக்கடை வாசலில் ‘ஆடித் தள்ளுபடி’ பேனர் ஏறும். இந்தப் பக்கம் மழை கொட்டும். பக்கத்து வீட்டு மலையாளப் பாட்டி, "கர்க்கடகம் பிறந்தாச்சு, பஞ்ச மாசம், பாத்துச் செலவு பண்ணு" என்பார்.

இரண்டும் ஒரே மாதம்தான். சூரியன் கடக ராசியில் இருக்கும் காலம் தமிழில் ஆடி, மலையாளத்தில் கர்க்கடகம். ஒரு மொழியில் அது வாங்கச் சொல்லும் மாதம். இன்னொரு மொழியில் அது கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லும் மாதம்.

இதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் மழை உச்சத்தில் இருக்கும் இந்த மாதத்தில் வயல் வேலை நின்றுவிடும், கூலி கிடைக்காது, பத்தாயம் காலியாகும். அதனால்தான் பஞ்ச மாதம். தமிழ்நாட்டில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜவுளி வியாபாரம் படுக்கும். படுத்த வியாபாரத்தை எழுப்பத்தான் தள்ளுபடி. ஆக, இரண்டு பக்கமும் ஆரம்பத்தில் இது மந்தமான மாதம்தான். ஒரு பக்கம் வீட்டில் இருப்பவர்கள் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். இன்னொரு பக்கம் கடைக்காரர்கள் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள்.

இப்போது உலகம் முழுக்க ‘நோ ஸ்பெண்ட் சேலஞ்ச்’ என்று ஒன்று ஓடுகிறது. ஒரு மாதமோ ஒரு வருடமோ, அவசியம் தவிர வேறு எதற்கும் காசு செலவழிக்காமல் இருப்பது. அதை எந்த மாதத்தில் செய்யலாம் என்று நீங்கள் யோசித்தால், நம் எல்லைப் பகுதியிலேயே அதற்கான மாதம் தயாராக இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது, எங்கே சறுக்கும், யார் இதைச் செய்யக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எங்கிருந்து வந்தது?

1992-இல் கனடாவின் வான்கூவரில் டெட் டேவ் என்ற ஓவியர் ‘எதுவும் வாங்காத நாள்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். பிறகு அது, அமெரிக்காவில் பெரிய ஆஃபர்கள் கொட்டும் ‘பிளாக் ஃப்ரைடே’ அன்றே கடைப்பிடிக்கப்பட்டது. 2015 நவம்பரில், அதே பிளாக் ஃப்ரைடே அன்று, லண்டன் பத்திரிகையாளர் மிஷெல் மெக்காக் ஒரு வருடச் சவாலைத் தொடங்கினார். வீட்டுக் கடன், மின்சாரம், அடிப்படை மளிகை போன்ற அவசியச் செலவுகள் தவிர வேறு எதுவும் இல்லை. பஸ் காசுகூட இல்லை, சைக்கிள்தான். வருட முடிவில் 20,000 பவுண்டுக்கு மேல் மிச்சம். அதைக் கொண்டு வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார்.

கவனியுங்கள். அவர் பணத்தையே கணக்கு வழக்காக எழுதும் நிதிப் பத்திரிகையாளர். அவருக்கே தன் காசு எங்கே போகிறது என்று அதுவரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை. நமக்கு மட்டும் தெரிந்துவிடுமா?

நாம் எவ்வளவு செலவு செய்கிறோம்?

மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நபருக்கு ஒரு மாதச் சராசரிச் செலவு இது:

- கேரளம்: கிராமம் 5,924 ரூபாய், நகரம் 7,078 ரூபாய்
- தமிழ்நாடு: கிராமம் 5,310 ரூபாய், நகரம் 7,630 ரூபாய்
- இந்தியா: கிராமம் 3,773 ரூபாய், நகரம் 6,459 ரூபாய்

இதில் பார்க்க வேண்டியது கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி. இந்திய அளவில் நகரத்துக்காரர் கிராமத்துக்காரரைவிட 71 சதவீதம் கூடுதலாகச் செலவழிக்கிறார். தமிழ்நாட்டில் 44 சதவீதம். கேரளத்தில் வெறும் 19 சதவீதம். அதாவது கேரள கிராமம் ஏறக்குறைய நகரம் போலவே செலவு செய்கிறது. "ஊருக்குப் போனால் செலவு குறையும்" என்ற கணக்கு நம் பக்கத்தில் அவ்வளவாகப் பலிக்காது.

இன்னொரு எண். இந்திய அளவில் உணவுச் செலவுக்குள் மிகப் பெரிய பங்கு எதற்குத் தெரியுமா? அரிசிக்கும் இல்லை, காய்கறிக்கும் இல்லை. பானங்கள், வெளியில் தயாரித்த உணவு என்ற வகைக்கு. கிராமத்தில் மொத்தச் செலவில் 9.62 சதவீதம், நகரத்தில் 10.64 சதவீதம். டீக்கடை, பேக்கரி, பஃப்ஸ், பழம்பொரி, ராத்திரி பதினொரு மணிக்கு ஆப்பில் ஆர்டர் செய்த பரோட்டா, எல்லாம் இதில் அடக்கம்.

ஏன் கை தானாகப் போகிறது?

மன உறுதி இல்லாததால்தான் செலவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் செலவு செய்யும் வழி எவ்வளவு வழுக்கலாக இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

2001-இல் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எம்பிஏ மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். பாதிப் பேரிடம் "ரொக்கமாகத் தர வேண்டும்" என்றார்கள், மீதிப் பேரிடம் "கிரெடிட் கார்டில் தரலாம்" என்றார்கள். கார்டு கூட்டம் கேட்ட விலை, ரொக்கக் கூட்டத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிக்கெட் ஒன்றுதான். காசு கையைவிட்டுப் போவது கண்ணில் படாததுதான் வித்தியாசம்.

இப்போது அதை நம் போனுக்குக் கொண்டு வாருங்கள். 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் இந்தியாவில் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 2,001 கோடி. ஒரு நாளைக்குச் சராசரியாக 64 கோடிக்கு மேல். யுபிஐ நல்ல வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் நூறு ரூபாய் நோட்டை மாற்றும்போது மனசுக்குள் வரும் அந்தச் சின்னத் தயக்கத்தையும் அது சேர்த்தே எடுத்துவிட்டது. யுபிஐ லைட்டில் பின் நம்பர்கூட வேண்டாம்.

அடுத்து, நம்மைத் தள்ளிவிடும் தந்திரங்கள். "இன்னும் 2 மட்டுமே மீதம்" என்ற போலி அவசரம், நீங்கள் கேட்காமலே கூடையில் சேரும் நன்கொடை, கடைசிப் பக்கத்தில் மட்டும் தெரியும் கூடுதல் கட்டணம், சேர்வது எளிதாகவும் விலகுவது கஷ்டமாகவும் இருக்கும் சந்தா. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு விதிகளில் இப்படி 13 வகைத் தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளன. மாட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சரி, முதல் படி என்ன?

கணக்கு. சவாலை ஆரம்பிக்கும் முன் ஒரு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எக்செல் வடிவில் இறக்குங்கள். தரவுப் பத்திரிகையில் நாங்கள் செய்கிற வேலைதான் இது: மொத்தத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. மாதத்தில் 84 முறை பணம் போயிருக்கிறது. அதில் 51 முறை 200 ரூபாய்க்குக் கீழே, சராசரி 110 ரூபாய். கூட்டினால் 5,610 ரூபாய். அந்த மாதம் நீங்கள் "ஐயோ, அநியாயமா வாங்கிட்டேனே" என்று வருந்தியது 1,800 ரூபாய் சட்டைக்கு. அந்த 51-ல் ஒன்றுகூட உங்கள் நினைவில் இருக்காது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். மணி என்ன? எங்கே இருந்தீர்கள்? வாங்கும் முன் என்ன நடந்தது? இரண்டு பக்கம் முடிவதற்குள் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். சிலருக்கு ராத்திரி படுக்கையில். சிலருக்குச் சம்பளம் வந்த மூன்றாம் நாள். வாரக் கடைசியில் கோவையிலிருந்து பாலக்காட்டுக்கோ, கொச்சியிலிருந்து மூணாறுக்கோ கிளம்பும்போது, "வெறுங்கையோட எப்படிப் போறது" என்று பஸ் ஸ்டாண்டில் வாங்கும் பைகள் சிலருக்கு. உங்கள் சவால் அந்த வடிவத்தைத்தான் குறிவைக்க வேண்டும்.

இந்த எழுதும் பழக்கம் புதிதும் இல்லை. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-லேயே வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ‘ககேபோ’ என்ற பெயரில் இன்றும் பேசப்படுவது அதுதான். நம் வீடுகளில் காலண்டர் தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதிய அம்மாக்களும் செய்தது இதையேதான்.

விதிகளை எப்படி எழுதுவது?

"இந்த மாசம் எதுவும் வாங்க மாட்டேன்" என்று சொன்னால் மூன்றாம் நாளே சோப்புத் தீர்ந்துவிடும். "அதான் உடைஞ்சாச்சே" என்று மீதியும் போகும். அதனால் ஆடி பிறக்கும் முன் ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள்.

தடை இல்லாதவை: வாடகை, வீட்டுக்கு அனுப்பும் காசு, மளிகை, மருந்து, ஆஸ்பத்திரி, வேலைக்குப் போகும் பஸ், போன் ரீசார்ஜ், கடன் தவணை. இதில் கை வைக்கவே கூடாது. மருந்தைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிப்பது மிச்சம் இல்லை.

முழுத் தடை: மூன்றோ நான்கோ வகைகள் மட்டும். உங்கள் ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுத்தவை. துணி, செருப்பு, போன் சாமான், ஆப்பில் வரும் சாப்பாடு, இப்படி. பத்து வகை எழுதினால் பத்தும் உடையும்.

காத்திருப்புப் பட்டியல்: வாங்கத் தோன்றும் எல்லாவற்றையும் தேதி, விலையோடு எழுதுங்கள். வாங்க வேண்டாம், எழுதினால் போதும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைப் படியுங்கள். இன்னும் வேண்டும் என்று தோன்றுவதை வாங்கலாம். தப்பில்லை.

பிறகு வழுக்கலைக் குறையுங்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்குங்கள். நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். யுபிஐ லைட்டை நிறுத்திவைத்தால் ஒவ்வொரு டீக்கும் பின் நம்பர் கேட்கும். அந்த நான்கு நொடிதான் உங்கள் நண்பன். யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து, எந்தெந்தச் சந்தா ஓடுகிறது என்று பாருங்கள். தானாகப் பிடிக்கப்படும் தவணைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்களை நாம்தான் படிப்பதில்லை.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’-ல் வாங்கினால் செலவு கணக்கில் வருமா?

வரும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது, வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுவது. வட்டி கணக்கில் இருப்பதால் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 700 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 126 ரூபாய். 826 ரூபாய் எந்தப் பொருளும் வராமல் போகிறது. அப்படி இருந்தால் சவாலின் ஒரே குறிக்கோள் அந்தப் பாக்கியை அடைப்பதாக இருக்கட்டும்.

ஒரு மாதம் போதுமா? ஓணம் வந்துவிடுமே?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய எடுத்த காலம், நடுமதிப்பில் 66 நாட்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று மதிப்பிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு ஆறுதலும் உண்டு: நடுவில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் கெட்டுப்போவதில்லை.

ஆடியும் ஆவணியும் சேர்த்தால் 62 நாள் சொச்சம். ஏறக்குறைய அந்த 66. ஆவணிதான் மலையாளத்தில் சிங்ஙம். ஓணம் வருவது அதில்தான். ஆக, ஆடியில் பயிற்சி, ஓணத்தில் பரீட்சை என்று வைத்துக்கொள்ளலாம். ஓணக்கோடி எடுக்காதே, சத்யை சாப்பிடாதே என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கு என்ன, எவ்வளவுக்கு என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, எழுதியதை மட்டும் வாங்குங்கள். எல்லையில் வாழும் நமக்கு ஆடித் தள்ளுபடி, ஓணம் ஆஃபர், தீபாவளி விற்பனை என்று மூன்றும் வரிசையாக வரும். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

யாருக்கு இது சேலஞ்ச் இல்லை?

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான்.

2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தேயிலைத் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது பிறந்ததுதான். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்த போராட்டம் அது. தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர்களே நடத்தினார்கள். 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத் தொகை என்று மொத்தம் 20 சதவீதம் கிடைத்தது. அன்று அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். அடுத்த மாதம் அது 301 ஆனது.

மேலே பார்த்த கற்பனைக் கணக்கின் 5,610 ரூபாயை 232-ஆல் வகுத்துப் பாருங்கள். 24 நாள் கூலி.

குற்ற உணர்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. லயத்தில் வளர்ந்து, படித்து, இன்று கோவையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கொஞ்சம் தாராளமாகச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. சின்ன வயதில் "அடுத்த போனஸுக்கு வாங்கிக்கலாம்" என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவருக்கு, கேட்காமல் வாங்க முடிவதே ஒரு விடுதலை. அந்தச் சந்தோஷத்தைப் பறிப்பது சவாலின் வேலை இல்லை. நினைவில்கூட நிற்காத 51 செலவுகளில் அந்தச் சந்தோஷம் இருக்கிறதா என்று கேட்பதுதான் அதன் வேலை.

ஆனால் வீட்டில் இருப்பவர்களை இந்தச் சவாலில் இழுக்காதீர்கள். அவர்களில் பலர் வாழ்க்கை முழுக்க இதைச் செய்தவர்கள், சவால் என்ற பெயர் இல்லாமல். உங்கள் மிச்சம் அம்மாவின் மூட்டுவலி மாத்திரையிலிருந்தோ, வீட்டுக்கு அனுப்பும் தொகையிலிருந்தோ வரக் கூடாது. சம்பளமே அவசியச் செலவுக்குப் பற்றாத நிலையில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அங்கே தேவைப்படுவது கூலி, சிக்கனம் இல்லை.

மிச்சமான காசு எங்கே போக வேண்டும்?

பெயர் வைக்காத மிச்சம் அடுத்த மாதமே காணாமல் போகும். அதனால் மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். ஆடி முதல் நாளே, மிச்சமாகும் என்று நினைக்கும் தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கார்டு, யுபிஐ எதுவும் இணைக்காத கணக்கு.

அஞ்சலக ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கலாம், காலம் 5 வருடம். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் உங்கள் அம்மாவோ சித்தியோ வாராவாரம் சிறுசேமிப்பு போட்டுக்கொண்டிருக்கலாம். அது ஏன் ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட தொகை, பார்க்கப் பத்துப் பேர். உங்கள் சவாலுக்கும் அது உதவும். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். ஞாயிறுதோறும், வாங்கத் தோன்றி வாங்காமல் விட்ட ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள்.

நகை வங்கியில் அடகில் இருந்தால் முதலில் அதைத் திருப்புங்கள். மாதம் ஒரு பகுதி அசலைக் கட்டினால்கூட வட்டி குறையும்.

முடிந்த பிறகு?

ஆவணி கடைசியில் மறுபடி ஒரு மாத ஸ்டேட்மென்ட் இறக்குங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்கு முன் இந்த இரண்டைப் பாருங்கள். சின்னச் செலவுகளின் எண்ணிக்கை 51-லிருந்து எவ்வளவு ஆனது? காத்திருப்புப் பட்டியலில் எழுதியவற்றில் எத்தனை இன்னும் வேண்டும் என்று தோன்றுகிறது?

பட்டியலில் இருபது எழுதி, இரண்டுதான் இன்னும் வேண்டும் என்றால், மீதிப் பதினெட்டு ஆசைகள் யாருடையவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த இரண்டையும் நிம்மதியாக வாங்குங்கள். பொள்ளாச்சியில் வாங்கினாலும் சரி, பாலக்காட்டில் வாங்கினாலும் சரி, முடிந்தால் ரொக்கமாகக் கொடுத்துப் பாருங்கள்.